கரையோரக் குடியிருப்புத் திட்டத்தை எதிர்ப்பது முதல் சதுப்பை மீட்டெடுப்பது வரை: ஊர்மக்களுக்கான முழுமையான வழிகாட்டி

கரையோரச் சதுப்பில் எழவிருக்கும் குடியிருப்புத் திட்டத்தைத் தடுப்பதும் அந்தச் சதுப்பைக் காப்பாற்றுவதும் ஒரே வேலையல்ல. முதல் வேலையை முடித்துவிட்டு ஊர் கலைந்துபோன இடங்களில், சில ஆண்டுகள் கழித்து அதே நிலத்துக்கு வேறொரு பெயரில் வேறொரு வரைபடம் வந்து சேரும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில், ரெட்வுட் சிட்டி நகரையொட்டிய உப்பளங்களில் 12,000 வீடுகள் வரை கட்டும் திட்டம் 2009-இல் முன்வைக்கப்பட்டு, கடும் எதிர்ப்புக்குப் பின் 2012-இல் திரும்பப் பெறப்பட்டது. அத்துடன் கதை முடியவில்லை. அந்த உப்பளங்கள் கூட்டாட்சி நீர்ச் சட்டத்தின் காப்புக்குள் வரமாட்டா என்று 2019-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்தது. அம்முடிவு சட்டப்படி நிற்காது என்று 2020-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளியது. இடையில், முன்பு போராடியவர்களே மறுபடியும் வழக்காட வேண்டியிருந்தது.

ஆகவே இந்த வழிகாட்டி ஒரு நிலைப்பாட்டிலிருந்து தொடங்குகிறது. எதிர்ப்பு பேசும் முதல் நாளிலிருந்தே அந்த நிலம் என்னவாக வேண்டும் என்ற மீட்டெடுப்புத் திட்டமும் ஊரின் கையில் இருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் அமைந்தவை. சட்டங்களின் பெயரும் கால வரம்பும் நாட்டுக்கு நாடு மாறும். வேலையின் போக்கு பெரும்பாலும் மாறாது.

படி 1: நிலம் சதுப்புதான் என்பதை ஆதாரத்துடன் நிறுவுதல்

முதல் சண்டை பெரும்பாலும் பெயரைப் பற்றியதாகவே இருக்கும். கட்டுமான நிறுவனத்தின் அறிக்கை அந்த இடத்தைத் தரிசு என்றோ, கைவிடப்பட்ட உப்பளம் என்றோ, பயனற்ற தாழ்நிலம் என்றோ சொல்லும். அதை மறுக்க உணர்ச்சி போதாது. நீர், மண், தாவரம் ஆகிய மூன்றையும் பதிவு செய்ய வேண்டும்.

நீருக்கு: கடல்நீர் ஏற்றத்தின்போதும் வற்றத்தின்போதும், மழைக்குப் பின்னும் கோடையிலும், ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் எடுத்த ஒளிப்படங்கள் தேதியுடனும் நேரத்துடனும் இருக்க வேண்டும். மண்ணுக்கு: நீண்ட காலம் நீரில் ஊறிய மண் சாம்பல் நிறமாகவும், வேர்களைச் சுற்றித் துருப்பிடித்தது போன்ற செம்புள்ளிகளுடனும் இருக்கும், ஆழத்தில் அழுகிய முட்டையின் வாடை வரும். தாவரத்துக்கு: உமரி, கோரை, அலையாத்தி போன்ற உவர்நீர்த் தாவரங்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதை வரைபடத்தில் குறிக்க வேண்டும். பறவைகளைக் கணக்கெடுப்பவர்கள் வற்றத்தில் இரை தேடும் கூட்டத்தை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஏற்றத்தின்போது அவை ஒதுங்கி நிற்கும் மேடுகளும் அதே அளவுக்கு முக்கியமானவை. அந்த மேடுகளில்தான் வீட்டுத் திட்டத்தின் சாலை முதலில் வரும்.

ஆதாரம் திரட்டப் போகும் முன், எந்த வரையறை பொருந்தும் என்பதை அறிந்துகொள்வது நல்லது. அமெரிக்க இராணுவப் பொறியாளர் படையின் 1987-ஆம் ஆண்டுக் கையேடு பொதுவாக மேற்சொன்ன மூன்று அடையாளங்களையும் சேர்த்துக் கேட்கிறது. கலிஃபோர்னியக் கடற்கரை ஆணையமோ அவற்றில் ஒன்று இருந்தாலே ஈரநிலம் எனக் கருதுகிறது. ஒரே வயல்வெளி ஒரு சட்டத்தில் சதுப்பாகவும் இன்னொன்றில் வெறும் நிலமாகவும் இருப்பது இப்படித்தான். வரையறைகள் நிலையானவையும் அல்ல. 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நீர்நிலையுடன் மேற்பரப்பில் தொடர்ச்சியாக இணைந்த ஈரநிலங்களுக்கே கூட்டாட்சிக் காப்பு உண்டு என்று சுருக்கியபோது, கரை கட்டிப் பிரிக்கப்பட்ட பல சதுப்புகளின் நிலை ஒரே நாளில் கேள்விக்குள்ளானது. ஒரே ஒரு சட்டத்தின்மேல் முழுப் பாரத்தையும் ஏற்றிவைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

பழைய நில அளவை வரைபடங்களும் வான்வழிப் படங்களும் தனி மதிப்புடையவை. கரை போடுவதற்கு முன் ஓதநீர் (ஏற்ற வற்றத்தோடு வந்துபோகும் கடல்நீர்) எந்தக் கால்வாய் வழியாக உள்ளே வந்தது என்பதை அவை காட்டும். இன்று எதிர்ப்புக்குச் சான்றாகும் அதே வரைபடம், பின்னர் மீட்டெடுப்புக்கு அடிப்படையாகும். தனியார் நிலத்துக்குள் அனுமதியின்றி நுழைந்து திரட்டிய சான்று வழக்கில் உங்களுக்கே எதிராகத் திரும்பக்கூடும். பொதுப்பாதையிலிருந்தும் நீர்வழியிலிருந்தும் பார்க்கக்கூடியவற்றோடு தொடங்குங்கள்.

படி 2: யார் முடிவெடுக்கிறார்கள் என்பதை வரைந்துகொள்ளுதல்

ஒரு கரையோரத் திட்டத்துக்கு ஒரே ஓர் அனுமதி இருப்பதில்லை. நிலப் பயன்பாட்டு மாற்றம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, கடற்கரை மண்டல அனுமதி, நீர்நிலையில் மண் நிரப்பும் அனுமதி, வெள்ளப்பகுதிச் சான்று, குடிநீர் ஒதுக்கீடு எனத் தனித்தனி அலுவலகங்களில் அவை நகரும். ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு, ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள் எது, மேல்முறையீடு எங்கே, எத்தனை நாளுக்குள் என்பதை ஒரே தாளில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். கடைசி நாளைத் தவறவிட்ட நியாயமான ஆட்சேபத்தைவிட, நாளுக்குள் போய்ச் சேர்ந்த அரைகுறை ஆட்சேபம் பயன் தரும்.

ஆவணங்களைப் படிக்கும்போது முன்னுரையில் நேரத்தைச் செலவிட வேண்டாம். நிலத்தை எத்தனை அடி உயர்த்தப் போகிறார்கள், அதற்கான மண் எங்கிருந்து வருகிறது, உயர்த்திய நிலத்திலிருந்து வழியும் நீர் யார் வீட்டுப் பக்கம் போகிறது, கடல்மட்ட உயர்வுக்கு எந்த ஆண்டு வரையிலான கணிப்பை எடுத்திருக்கிறார்கள் ஆகிய நான்கு கேள்விகளுக்கான விடை பெரும்பாலும் பின்னிணைப்புகளில் இருக்கும். மாற்று இடங்களைப் பற்றிய அத்தியாயம் பல அறிக்கைகளில் மிக மெலிந்திருக்கும். அங்கேதான் கேள்வி எழுப்ப இடம் அதிகம். பெரிய திட்டத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் மதிப்பீட்டு வரம்புக்குக் கீழே வைக்கும் பழக்கமும் உண்டு. பக்கத்து மனைகளின் உரிமையாளர் பெயர்களைச் சேர்த்துப் பார்த்தால் இது தெரியவரும்.

படி 3: வீடு வேண்டுமே என்ற கேள்வியை நேராகச் சந்தித்தல்

கரையோர எதிர்ப்பு இயக்கங்கள் தோற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். வாடகை ஏறிக்கொண்டே போகும் நகரில், வீடு கட்டாதே என்று சொல்பவர் ஏற்கெனவே வீடு உள்ளவர்தானே என்று எதிர்த்தரப்பு கேட்கும். அந்தக் கேள்வியில் உண்மையும் இருக்கிறது. சதுப்பைக் காப்பதாகச் சொல்லித் தம் சன்னல் வழியே தெரியும் நீர்ப்பரப்பைக் காத்துக்கொள்ள மட்டும் சேருபவர்கள் ஒவ்வோர் இயக்கத்திலும் உண்டு. அவர்களை முன்வரிசையில் வைத்தால் அந்த இயக்கத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

எனவே வேறு எங்கே கட்டலாம் என்ற பட்டியலை ஊரே தயாரிக்க வேண்டும். இரயில் நிலையத்தையொட்டிய வாகன நிறுத்துமிடங்கள், மூடப்பட்ட தொழிற்கூடங்கள், ஒரு தளத்தோடு நிற்கும் வணிக வளாகங்கள் ஆகியவற்றில் எத்தனை வீடுகள் கட்டலாம் என்று ஒரு நகரத் திட்டமிடுநரின் துணையோடு கணக்கிட்டு, கரையோரத் திட்டம் தரும் எண்ணிக்கையோடு பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். கரையோரத் திட்டத்தில் எளியவர்களுக்கு ஒதுக்கப்பட்ட வீடுகள் எத்தனை என்பதையும் கேளுங்கள். நீர்முகப்பு வீடுகளின் விலையை வைத்துப் பார்த்தால், வீட்டுப் பற்றாக்குறை என்ற வாதம் அங்கே பல நேரம் தானே வலுவிழக்கும். வீட்டுரிமைக்காகப் பாடுபடும் அமைப்புகளிடம் ஆதரவு கேட்டுப் போகும்போது இந்தப் பட்டியலோடு போக வேண்டும். வெறுங்கையோடு போனால் அவர்கள் எதிர்ப்பக்கம் நிற்பதில் வியப்பில்லை.

கூட்டணியில் யார் யார் வேண்டும் என்பதையும் அகலமாக யோசிக்க வேண்டும். மீன், நண்டு, இறால் பிடிப்பவர்கள், உப்பளத் தொழிலாளர்கள், பின்புறத் தாழ்பகுதியில் வெள்ளத்துக்கு அஞ்சி வாழ்பவர்கள், பறவை ஆர்வலர்கள், பள்ளி ஆசிரியர்கள் என ஒவ்வொருவருக்கும் அந்த நிலத்தோடு வெவ்வேறு தொடர்பு இருக்கும். இவர்களில் வெள்ளத்துக்கு அஞ்சுபவரின் குரல் அதிகாரிகளிடம் கூடுதலாக எடுபடும். 2012-இல் சாண்டி புயல் தாக்கியபோது அமெரிக்க வடகிழக்குக் கரையின் ஈரநிலங்கள் ஏறத்தாழ 62.5 கோடி டாலர் மதிப்புள்ள வெள்ளச் சேதத்தைத் தவிர்த்தன என்று பின்னர் வெளிவந்த ஆய்வொன்று கணித்தது. இத்தகைய கணக்கு, பறவையைப் பற்றிப் பேசினால் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் நகர மன்ற உறுப்பினரையும் நிமிர்ந்து உட்காரச் செய்யும்.

சிறு குழு பெரிய மாற்றத்தைத் தொடங்கியதற்குச் சான்று தேவைப்பட்டால், 1961-ஐப் பாருங்கள். பெர்க்லி நகரம் வளைகுடாவை மண்ணிட்டு மூடித் தன் பரப்பை இரட்டிப்பாக்கத் திட்டமிட்டிருந்தபோது, கே கெர், சில்வியா மெக்லாஃப்லின், எஸ்தர் குலிக் என்ற மூன்று பெண்கள் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கினர். 1965-இல் வளைகுடாவுக்கென்றே ஓர் ஆணையம் சட்டத்தால் அமைக்கப்பட்டு, 1969-இல் அது நிரந்தரமானது. ஒரு நகரத்தின் ஒரு திட்டத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. எந்த நகரமும் தன் விருப்பப்படி மண் நிரப்ப முடியாத முறையையே கேட்டுப் பெற்றார்கள்.

படி 4: ஆட்சேபத்தை எழுத்தில் பதிவு செய்தல்

பொதுக்கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கைதட்டல் வாங்கிய பேச்சு, எழுத்தில் இல்லையென்றால் வழக்கில் இல்லாததற்குச் சமமாகிவிடக்கூடும். பல நாடுகளில், அனுமதி வழங்கியபோது அதிகாரியின் முன்னிருந்த ஆவணங்களை வைத்தே நீதிமன்றம் முடிவெடுக்கிறது. ஆகவே ஒவ்வோர் ஆட்சேபத்திலும் அறிக்கையின் பக்க எண், அங்கே சொல்லப்பட்டது, அது ஏன் தவறு, அதற்கான சான்று, நீங்கள் கேட்கும் நடவடிக்கை ஆகியவை இருக்க வேண்டும். ஒரே வாசகத்தில் ஆயிரம் பேர் கையெழுத்திட்ட மனு அரசியலுக்கு உதவும். ஒரு நீரியல் வல்லுநர் எழுதிய பத்துப் பக்கம் சட்டத்துக்கு உதவும். இரண்டும் வேண்டும், ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடக் கூடாது.

எதிர்பார்க்க வேண்டிய இரண்டு சலுகைப் பேச்சுகள் உண்டு. முதலாவது, பாதியில் கட்டுகிறோம், மீதியை மீட்டெடுத்துத் தருகிறோம் என்பது. ரெட்வுட் சிட்டி திட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் வந்தது. இதற்குப் பதில் சொல்லும் முன், மீட்டெடுக்கப்படும் பாதி எது என்று பாருங்கள். மேடான பாதியில் வீடும் தாழ்ந்த பாதியில் சதுப்பும் என்றால், கடல்மட்டம் உயரும்போது சதுப்பு பின்வாங்க இடமின்றி வீடுகளின் கரைச்சுவரில் முட்டி மூழ்கிப்போகும். வரைபடத்தில் பச்சை தீட்டுவதற்குச் செலவில்லை. அதற்கு யார், எப்போது, எந்த நிதியில் வேலை செய்வார்கள் என்பது அனுமதி நிபந்தனையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, வேறிடத்தில் புதிய சதுப்பை உண்டாக்கித் தருகிறோம் என்பது. உலகெங்கும் 621 ஈரநிலங்களை ஒப்பிட்டு 2012-இல் வெளியான ஆய்வு, மீட்டெடுக்கப்பட்ட அல்லது புதிதாக உருவாக்கப்பட்ட ஈரநிலங்கள் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் உயிரியல் அமைப்பில் சராசரியாக 26 விழுக்காடும், மண்ணில் கரிமம் சேர்வது போன்ற செயல்பாடுகளில் 23 விழுக்காடும் இயற்கையானவற்றைவிடப் பின்தங்கியே இருக்கின்றன என்று காட்டியது. இந்த ஆய்வு உங்கள் மீட்டெடுப்புத் திட்டத்துக்கும் ஓர் எச்சரிக்கைதான் என்பதை மறைக்க வேண்டாம். இருப்பதை அழித்துவிட்டு வேறிடத்தில் உண்டாக்குவதும், சிதைந்து கிடப்பதை அதன் இடத்திலேயே சீராக்குவதும் வேறுவேறு என்று விளக்கினால் போதும்.

சட்ட வாதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தென் கலிஃபோர்னியாவின் போல்சா சிக்கா ஒரு சான்று. வீடு கட்டுவதற்காக ஈரநிலத்தை நிரப்ப மாநிலக் கடற்கரைச் சட்டம் இடமளிக்கவில்லை என்றும், காப்புக்குரிய வாழிடத்தை ஓரிடத்திலிருந்து பெயர்த்து இன்னோரிடத்தில் வைத்துவிட்டதாகச் சொல்ல முடியாது என்றும் 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஆஸ்திரேலியாவின் மோர்டன் விரிகுடாவில், ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) உள்ள சதுப்பில் சுமார் 3,600 குடியிருப்புகளைத் திட்டமிட்ட தூண்டா துறைமுகத் திட்டத்தை நிராகரிக்கப் போவதாகச் சுற்றுச்சூழல் அமைச்சர் அறிவித்ததையடுத்து, 2024-இல் நிறுவனம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. அங்கே விவாதத்தின் நடுவே நின்றது தூர கிழக்குக் குதிரைமலைக் கோட்டான் என்ற வலசைப் பறவை இரை தேடும் சேற்றுவெளி.

படி 5: வாக்கு, வழக்கு

பொது வாக்கெடுப்புக்கு இடமுள்ள நாடுகளில் அது வலிமையான கருவி. ரெட்வுட் சிட்டியின் பேர் (Bair) தீவில் குடியிருப்பும் அலுவலகங்களும் கட்ட நகர மன்றம் கொடுத்த ஒப்புதலை, 1982-இல் மக்கள் வெறும் 42 வாக்கு வித்தியாசத்தில் புரட்டினார்கள். வாக்கெடுப்பு இல்லாத இடங்களில் நீதிமன்றமே வழி. கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களின் நிலப்பயன்பாட்டை மாற்றக் கூடாது என்று 1992-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தடுத்தது. பத்தாண்டுக்குப் பின் அது ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

வழக்கை எப்போது தொடுப்பது என்பதில் ஒரு விதிதான் உண்டு: மண் கொட்டுவதற்கு முன்பு. கேரளத்தின் மரடில் கடற்கரை ஒழுங்காற்று விதிகளை மீறி எழுந்த அடுக்குமாடிகளை உச்ச நீதிமன்றத்தின் 2019 உத்தரவின்படி 2020 ஜனவரியில் தகர்த்தார்கள். சட்டம் வென்றது, ஆனால் நம்பி வாங்கிய குடும்பங்கள் வீடிழந்தன, இடிபாடு காயலோரத்திலேயே குவிந்தது. மேலும், அவதூறு வழக்குப் போட்டு ஊர்மக்களை அலைக்கழிக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு என்பதால், பொதுவெளியில் ஆவணம் காட்டக்கூடியதை மட்டும் சொல்லுங்கள்.

படி 6: நிலத்தின் உரிமையை மாற்றுதல்

திட்டம் விழுந்த மறுநாளே இந்தப் படி தொடங்க வேண்டும். பேர் தீவு வாக்கெடுப்பில் தப்பியது 1982-இல். ஒரு நில அறக்கட்டளை அதை விலைக்கு வாங்கியது 1997-இல். அந்தப் பதினைந்து ஆண்டுகளும் அது தனியார் மனையாகவே இருந்தது.

வாங்குவது, பாதுகாப்புப் பத்திரம் எழுதிக் கட்டுமான உரிமையை நிரந்தரமாகத் துறக்கச் செய்வது, வனவிலங்குக் காப்பிடத்தோடு இணைப்பது என வழிகள் பல. விலை பேசும்போது ஒரே கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்: இது வீட்டுமனையின் விலையா, சதுப்பின் விலையா? கட்ட அனுமதி கிடைக்காது என்பது உறுதிப்பட உறுதிப்பட விலை இறங்கும். முந்தைய படிகளில் சேர்த்த ஆவணங்கள் இங்கே பணமாக மாறுகின்றன. மண்ணில் நச்சு உண்டா, இருந்தால் அகற்றும் பொறுப்பு விற்பவருக்கா வாங்குபவருக்கா என்பதைப் பத்திரத்துக்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். 2003-இல் அரசும் அறக்கட்டளைகளும் சேர்ந்து சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், பெரும்பாலும் தென் வளைகுடாவில், சுமார் 16,500 ஏக்கர் உப்பளங்களை 10 கோடி டாலருக்கு வாங்கின. 2016-இல் வளைகுடாவைச் சுற்றிய ஒன்பது மாவட்டங்களின் வாக்காளர்கள், மனை ஒன்றுக்கு ஆண்டுக்கு 12 டாலர் வீதம் 20 ஆண்டுகளுக்கு ஈரநில மீட்டெடுப்பு வரி கட்ட ஒப்புக்கொண்டார்கள்.

படி 7: நீரைத் திரும்ப அழைத்தல்

மீட்டெடுப்பு என்றதும் நாற்று நடும் படம்தான் பலர் மனத்தில் வரும். நடவு கடைசி வேலை. முதல் வேலை மட்டம் பார்ப்பது. கரை கட்டி நீரை வெளியேற்றிய நிலம் காய்ந்து சுருங்கித் தாழ்ந்துவிடும். அந்த நிலையில் கரையை உடைத்தால் சதுப்புக்குப் பதிலாக ஆழமான குளம் கிடைக்கும். ஓதநீர் வண்டலைக் கொண்டுவந்து தானே உயர்த்தும் வரை காத்திருக்கலாம், அல்லது மண் கொண்டுவந்து உயர்த்தலாம். இங்கிலாந்தின் வாலசீ தீவில் இலண்டன் இரயில் சுரங்கம் தோண்டிய மண்ணில் சுமார் 30 இலட்சம் டன்னைக் கொண்டுவந்து நிலத்தை உயர்த்தி, 2015-இல் கடல் தடுப்புக் கரையை உடைத்தார்கள். பேர் தீவின் உட்பகுதியும் அப்படி மண்ணிட்டு உயர்த்தப்பட்டது. அதன் கரையை உடைத்தது 2015-இல்தான், வாக்கெடுப்புக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து.

கரையை எங்கே உடைப்பது என்பதற்குப் பழைய கால்வாயின் வாய்தான் நல்ல இடம். படி 1-இல் தேடிய வரைபடம் இங்கே கைகொடுக்கும். உடைக்கும் முன், பின்புறக் குடியிருப்புக்கு வெள்ளக்கரை தயாராக இருக்க வேண்டும். இல்லையேல் இத்தனை காலம் உங்களோடு நின்ற அண்டைவீட்டார் எதிரிகளாவார்கள். மண்ணையும் சோதிக்க வேண்டும். தென் வளைகுடாவில் பழைய சுரங்கங்களிலிருந்து வந்த பாதரசம் வண்டலில் படிந்திருப்பதால், குளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து மீனிலும் பறவை முட்டையிலும் அளவு பார்த்தே அடுத்ததற்குப் போகிறார்கள். கந்தகம் மிகுந்த சில சதுப்பு மண்ணைத் தோண்டிக் காற்றில் போட்டால் அமிலம் சுரந்து மீனைக் கொல்லும்.

நடவு தேவைப்பட்டால் அந்தக் கழிமுகத்திலேயே விளைந்த விதையைப் பயன்படுத்துங்கள். 1970-களில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் மீட்டெடுப்புக்கென்றே கொண்டுவந்து நட்ட அட்லாண்டிக் கரைப் புல் உள்ளூர் இனத்தோடு கலந்து சேற்றுவெளிகளை மூடியது. அதை அழிக்கப் போனபோது, அருகிவரும் ரிட்ஜ்வே நீர்க்கோழி அந்தப் புல்லுக்குள் மறைந்து வாழப் பழகிவிட்டதால், சில இடங்களில் களையெடுப்பையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

படி 8: பராமரிப்பும் கண்காணிப்பும்

போல்சா சிக்காவில் 2006-இல் கடலுக்கு வாய் திறக்கப்பட்டது. மணல் அந்த வாயை அடைத்துக்கொண்டே இருப்பதால், அடிக்கடி தூர்வார வேண்டியிருக்கிறது. அதற்கான நிதியைத் தேடுவது ஓயாத வேலையாகிவிட்டது. எனவே உங்கள் திட்டத்தில் கட்டுமானச் செலவுக்குப் பக்கத்திலேயே பராமரிப்புச் செலவுக்குத் தனி வைப்பு நிதி எழுதப்பட வேண்டும். மதகு இருந்தால் அதைத் திறந்து மூடுபவர் யார், வண்டல் எவ்வளவு உயர்ந்தது என்று அளப்பவர் யார், கொசு பற்றிய புகார் வந்தால் பதில் சொல்பவர் யார் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

கண்காணிப்பில் குறைந்தது மூன்றைத் தொடர்ந்து அளக்கலாம்: தரையின் உயரம், தாவரப் பரப்பு, ஏற்ற நேரத்துப் பறவை எண்ணிக்கை. படி 1-இல் ஒளிப்படம் எடுத்த அதே இடங்களிலிருந்து ஆண்டுதோறும் எடுங்கள். சதுப்பின் நிலப்பக்க எல்லையில் உள்ள மேட்டு மனைகளின் விற்பனையையும் கட்டட விண்ணப்பங்களையும் கவனித்துவர ஒருவரை நியமியுங்கள். கடல் உயரும்போது சதுப்பு நகர வேண்டிய திசை அதுதான். அடுத்த குடியிருப்புத் திட்டத்துக்கான விண்ணப்பமும் பெரும்பாலும் அந்த மனைகளுக்கே வரும்.